700 கிராம் குழந்தைக்கு எவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும்?

26 வாரத்தில் பிறந்த, 700 கிராம் எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 60 மில்லி. டீக்கடை கிளாஸில் ஊற்றினால் அரை கிளாஸ் வரும். பரிசோதனைக்கு 2 மில்லி எடுத்தால், வளர்ந்த ஒருவரிடம் 160 மில்லிக்கு மேல் எடுத்ததற்குச் சமம். இந்த அரை கிளாஸ் ரத்தம் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடமும் தடைபடாமல் போய்ச்சேர வேண்டும்.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தகப்பன் முதல் நாளே கேட்க நேரும் வாக்கியம் ஒன்று உண்டு: "பிரஷர் கம்மியா இருக்கு, மருந்து ஓடுது." எவ்வளவு இருந்தால் கம்மி, எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், மருந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று அவர் கேட்டால் நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் பிறந்தவர்கள் மிகமிகக் குறைமாதக் குழந்தைகள். எடைக் கணக்கில் 1,500 கிராமுக்குக் கீழே ஒரு கோடு, 1,000 கிராமுக்குக் கீழே இன்னொரு கோடு. ரத்த அழுத்தம் பெரும் கவலையாவது இந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். ஏழாம் மாசம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வது தவறு. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட எல்லா வகையிலும் பலமானது.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பிரஷர் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது ஓர் எளிய விதி. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்ட சராசரி ரத்த அழுத்தம், பாதரச மில்லிமீட்டர் கணக்கில், குழந்தை பிறந்த வாரத்தின் எண்ணுக்குக் குறையக் கூடாது. 26 வாரம் என்றால் 26, 24 வாரம் என்றால் 24. இது 1992-இல் பிரிட்டனில் மருத்துவர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரையிலிருந்து வந்தது. நினைவில் வைக்க எளிது என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஓர் எண்ணுக்கு மேலே இருந்தால் குழந்தை பிழைக்கும், கீழே போனால் மூளை கெடும் என்று பரிசோதித்து நிறுவிய எல்லை அது கிடையாது. அனுபவத்தின் பேரில் போட்ட கோடு. அதோடு, பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் அழுத்தம் மிகக் கீழே இருக்கும். பிறகு எந்த மருந்தும் இல்லாமலேயே மெல்ல ஏறி, மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சராசரி 30-ஐத் தாண்டிவிடும். நாலாவது மணி நேரத்தில் பார்த்த 24-ஐயும் மூன்றாம் நாள் பார்த்த 24-ஐயும் ஒன்றாக எடைபோட முடியாது.

அழுத்தம் என்பதே ரத்த ஓட்டம் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. சொட்டுநீர்க் குழாய் போட்ட மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வால்வைப் பாதி மூடினால் மோட்டார் பக்கத்துக் கேஜில் முள் ஏறும், செடிக்குத் தண்ணீர் குறையும். வால்வை முழுக்கத் திறந்தால் முள் இறங்கும், தண்ணீர் தாராளமாகப் போகும். குழந்தையின் உடம்பிலும் அப்படித்தான். ரத்தக் குழாய்கள் இறுகினால் மானிட்டரில் நல்ல எண் தெரியும். சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் ரத்தம் போகாது. மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை எக்கோ கருவியில் அளந்து பார்த்தவர்கள், முதல் நாளில் அந்த ஓட்டத்துக்கும் பிரஷர் எண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனம் என்று காட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் இந்த எண்ணுக்கு இத்தனை பயம்? மூளைதான் காரணம். குறைமாதக் குழந்தையின் மூளைக்குள், நீர் அறைகளின் ஓரத்தில், புதிய மூளைச் செல்கள் பிறக்கும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதன் ரத்தக் குழாய்களுக்குச் சுவர் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் வளர்ந்தவர்களுக்கு உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு, அதுவும் நோயுற்றிருக்கும்போது, அந்தத் திறன் சரியாக வேலை செய்யாது. உடம்பில் அழுத்தம் விழுந்தால் மூளைக்கும் ரத்தம் குறையும். அதைத் தூக்கிவிட அவசரப்பட்டால், வறண்டு கிடந்த குழாய்களுக்குள் ரத்தம் பாய்ந்து அவை உடையும். மூளைக்குள் கசியும் இந்த ரத்தத்தை நான்கு படிகளாகப் பிரிக்கும் முறை 1978 முதல் வழக்கில் உள்ளது. முதல் இரண்டு படிகளில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். மூன்றாம், நான்காம் படிகளில் தலையில் நீர் கோர்ப்பதற்கும் பின்னாளில் மூளைவாதம் வருவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. கசிவுகளில் பெரும்பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. குறைந்த அழுத்தத்தைப் போலவே, ஏறி இறங்கி ஆடும் அழுத்தத்துக்கும் பயப்பட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இந்தக் குழந்தையின் மேற்கை பெரியவரின் கட்டைவிரலைவிட மெலிது. அதில் சுற்றும் பட்டையின் அகலம் கைச் சுற்றளவில் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைப் பட்டைகளில் 1-ஆம் எண் 3 முதல் 6 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு, 2-ஆம் எண் 4 முதல் 8 வரை. கைவசம் இருந்த பட்டையைச் சுற்றியிருந்தால் எண் பொய் சொல்லும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். ட்ரிப் ஓடும் கையிலோ ஆக்ஸிஜன் அளவி ஒட்டிய காலிலோ சுற்றக் கூடாது. குழந்தை அழுதுகொண்டோ கைகாலை உதைத்துக்கொண்டோ இருக்கும்போது எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பட்டையைச் சுற்றி, குழந்தை அடங்கும் வரை காத்திருந்து, ஒரே கையில் மூன்று முறை பார்க்க வேண்டும். இந்தக் கருவி நேராக உணர்வது சராசரி அழுத்தத்தைத்தான். மேல் எண்ணும் கீழ் எண்ணும் உள்ளே ஓடும் சூத்திரம் கணக்கிட்டுச் சொல்பவை. அதிலும், அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்போது இது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் பழக்கம் உள்ளது. நம்பிக்கை மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் இந்தக் கருவி தடுமாறுகிறது.

அதனால் இயன்ற இடங்களில் தொப்புள் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி நேரடியாகவே அளக்கிறார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு 3.5 பிரெஞ்ச் அளவுக் குழாய், தடிமன் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். அதன் மறுமுனையில் இருக்கும், அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசர் குழந்தையின் இதய மட்டத்தில், அக்குளின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பணி மாறும்போது யாராவது சூடு தரும் வார்மர் படுக்கையைக் கொஞ்சம் இறக்குவார்கள். ஸ்டாண்டில் கட்டிய டிரான்ஸ்டியூசர் அதே உயரத்தில் நிற்கும். 10 சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், 28 என்று இருந்த அழுத்தம் மானிட்டரில் 21 ஆகிவிடும். குழந்தைக்கு எதுவும் நடந்திருக்காது. ஆனால் அந்த 21-ஐப் பார்த்து ஓடும் மருந்தைக் கூட்டிவிட்டால் அப்போதுதான் நடக்கும். படுக்கையை ஏற்றினால் இதற்கு நேர்மாறு. உண்மையிலேயே குறைந்த அழுத்தம் நல்ல எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழியோ ரத்தக்கட்டியோ இருந்தால் அலை தட்டையாகும். மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் தெரியும். ஒவ்வொரு பணிமாற்றத்திலும், படுக்கையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்டியூசரின் மட்டத்தையும் சுழிய (ஜீரோ) நிலையையும் சரிபார்ப்பது எந்த விலையுயர்ந்த மருந்துக்கும் குறையாத சிகிச்சை. குழாய் அடைக்காமலிருக்க ஓடும் ஹெப்பாரின் கலந்த திரவம் மணிக்கு அரை மில்லி என்றாலும் நாளுக்கு 12 மில்லி ஆகிறது. 700 கிராம் குழந்தைக்கு அது சிறிய அளவு இல்லை, அன்றைய நீர்க்கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். கால்விரல்கள் வெளுத்தாலோ நீலமானாலோ தயங்காமல் குழாயை எடுத்துவிட வேண்டும்.

எண் உண்மை என்று உறுதியான பிறகும் உடனே மருந்துக்குக் கை போகக் கூடாது. மருந்து கொடுத்து அழுத்தத்தை ஏற்றலாம், அதில் சந்தேகமே இல்லை. ஏற்றினால் குழந்தை நன்றாக இருக்கிறதா என்பதில்தான் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் 23 முதல் 26 வாரக் குழந்தைகளைக் கவனித்ததில், அழுத்தத்துக்கு மருந்து பெற்றவர்களின் நிலைமையே மோசமாக இருந்தது. இதிலிருந்து மருந்துதான் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே அதிகம் நோயுற்றவர்களுக்குத்தானே மருந்து போட்டிருப்பார்கள்? பிரான்ஸில் நாடு தழுவிய ஆய்வில், வேறு அறிகுறி இல்லாமல் அழுத்தம் மட்டும் குறைந்திருந்த குழந்தைகளில் மருந்து பெற்றவர்கள் பெரிய பாதிப்பின்றிப் பிழைத்தது அதிகம் என்று வந்தது. சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு அழுத்தத்தை ஏற்றும் மருந்தான டோபமைன், மறுபாதிக்கு வெறும் திரவம் கொடுத்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அப்படி ஒரு ஆய்வு 830 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டுத் தொடங்கியது. சேர்க்க முடிந்தது 58 பேரை மட்டும். 2021-இல் வெளியான முடிவில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் 58 பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

எனவே இன்று பொறுப்பாக வேலை செய்பவர்கள் எண்ணோடு சேர்த்துக் குழந்தையையும் பார்க்கிறார்கள். நெஞ்செலும்பின் மேல் ஐந்து விநாடி விரலால் அழுத்தி எடுத்தால் மூன்று விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? கைகால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? முதல் நாள் கடந்த பிறகு சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியாவது போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தராசு போதும். டயபரைக் கட்டும் முன் ஒருமுறை, கழற்றியபின் ஒருமுறை எடை போட வேண்டும். 700 கிராம் குழந்தைக்கு ஆறு மணி நேரத்தில் 4 கிராம் கூடியிருந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது என்று கொள்ளலாம். ரத்தத்தில் அமிலம் கூடுகிறதா, திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது கூடும் லாக்டேட் மணிக்கு மணி ஏறுகிறதா என்பது அடுத்தது. எக்கோ பார்க்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது. எல்லாம் நன்றாக இருந்து எண் மட்டும் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் பக்கத்திலேயே இருந்து கவனிப்பது சரியான முடிவு. வெளியே இருக்கும் குடும்பத்துக்கு இது அலட்சியம் போலத் தோன்றலாம். அதற்காகவே மருத்துவர் வெளியே வந்து இரண்டு நிமிடம் விளக்க வேண்டும்.

அறிகுறிகளும் சேர்ந்து மோசமானால் காரணத்தைத் தேட வேண்டும். மேல் எண் விழுந்தால் இதயம் பலவீனம் அல்லது உடம்பில் ரத்தத்தின் அளவே குறைவு. கீழ் எண் மட்டும் விழுந்து இரண்டுக்கும் இடைவெளி அகன்றால், இதயத்தை ஒட்டி, பிறந்ததும் மூட வேண்டிய ரத்த நாளம் மூடாமல் திறந்திருக்கிறது அல்லது கிருமித் தொற்றால் குழாய்கள் தளர்ந்திருக்கின்றன. திடீரென்று விழுந்தால் முதலில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். நுரையீரல் வெடித்துக் காற்று அடைத்திருக்கலாம். அறை விளக்கை அணைத்து நெஞ்சின் மேல் குளிர்விளக்கு வைத்தால் அந்தப் பக்கம் சிவந்து ஒளிரும். மூச்சுக் கருவியின் அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் நசுங்கும். அங்கே மருந்தைக் கூட்டுவதற்குப் பதில் கருவியைக் குறைப்பதே வைத்தியம். தாய்க்குப் பிரசவத்துக்கு முன் கொடுத்த 'லாபெட்டலால்' என்ற ரத்த அழுத்த மருந்து குழந்தையின் நாடித்துடிப்பையும் பிரஷரையும் சேர்த்தே இறக்கக்கூடும். தாயின் கேஸ் ஷீட்டைப் புரட்டாமல் இது தெரியாது.

ரத்தம் இழந்ததற்கு அடையாளம் இருந்தால் ரத்தமே கொடுக்க வேண்டும். சலைன் என்றால் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது இந்தக் குழந்தைக்கு 7 மில்லி, அரை மணி நேரத்தில், சிரிஞ்ச் பம்பில். கையால் தள்ளிவிடக் கூடாது. 'இன்னொரு பத்து' என்று திரும்பத் திரும்பக் கொடுப்பதில் நுரையீரலில் நீர் சேரும், மூட வேண்டிய நாளம் மூடாது, மூளைக் கசிவு அபாயமும் கூடும்.

டோபமைன் தேவை என்று முடிவானால் கணக்கு இப்படி: எடையை 30-ஆல் பெருக்கினால் வரும் மில்லிகிராம் மருந்தை 50 மில்லிக்குக் கலந்தால், மணிக்கு 1 மில்லி ஓட்டும்போது கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் போகும். 0.7 கிலோவுக்கு 21 மில்லிகிராம். மில்லிக்கு 40 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து அரை மில்லிக்குச் சற்று மேல். புள்ளி ஓர் இடம் தவறினால் பத்து மடங்கு. இருவர் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்ப்பது இதனால்தான். 5 மைக்ரோகிராமில் தொடங்கினால் பம்ப் ஓடுவது மணிக்கு அரை மில்லி. இந்த வேகத்தில் குழாயின் உட்பகுதியைக் கடந்து மருந்து குழந்தையை எட்டவே நேரமாகும். பொறுமையிழந்து வேகத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் கழித்து அழுத்தம் எகிறும். டோபமைன் உடம்பில் சில நிமிடங்களே தங்கும் என்பதால் சிரிஞ்ச் தீர்ந்து அடுத்தது ஏற்றும் இடைவெளியிலேயே அழுத்தம் விழுந்துவிடும். முதல் சிரிஞ்ச் தீரும் முன்பே இரண்டாவது பம்பை ஓட்டிவைத்து மாற்ற வேண்டும். அதே வழியில் வேறு மருந்தைத் தள்ளினால் குழாயில் நிற்கும் டோபமைன் மொத்தமாக உள்ளே போகும். சோடியம் பைகார்பனேட்டுடன் சேர்ந்தால் மருந்து செயலிழக்கும். கைநரம்பில் ஓடும்போது கசிந்தால் தோல் கருகும், அதனால் தொப்புள் சிரைக் குழாயே பாதுகாப்பு. அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு மருந்தான அட்ரினலின் ஓடினால் லாக்டேட்டும் சர்க்கரையும் மருந்தாலேயே ஏறும். அதை நோய் முற்றியதாகப் படித்துவிடக் கூடாது.

இத்தனை நுணுக்கமும் குழந்தை பிறந்த பிறகு. மூளையைக் காப்பதில் இதைவிடப் பலன் தருபவை பிரசவத்துக்கு முன்னும் பிரசவ நிமிடத்திலும் இருக்கின்றன. நம் இரண்டு மாவட்டங்களும் கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. நுரையீரலுக்கான ஊசி என்றே பலர் அறிந்திருக்கிறார்கள். மூளைக் கசிவையும் அது குறைக்கிறது, பிறந்த குழந்தையின் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. விலை மிகக் குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. முதல் ஊசியைப் போட்டு, நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புவதில் எந்தத் தாமதமும் நியாயம் ஆகாது.

அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ ஒரு தாய் பெரிய மருத்துவமனைக்கு வரும் தூரம் வரைபடத்தில் தெரிவதைவிட அதிகம். 700 கிராம் குழந்தைக்கு உலகத்திலேயே சிறந்த ஆம்புலன்ஸ் தாயின் வயிறு. அருகிலேயே பிரசவம் முடித்துவிட்டுக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால், கொண்டை ஊசி வளைவிலும் தொப்பூர் இறக்கத்திலும் ஒவ்வொரு குலுக்கலும் பிரேக்கும் அந்த மெல்லிய குழாய்களில் போய்ச் சேரும். வேறு வழியில்லாமல் அனுப்பினால் தலை நேராக, சற்றே உயர்ந்து இருக்க வேண்டும். ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் கழுத்துச் சிரை நசுங்கி மூளையில் ரத்தம் தேங்கும். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, பிறப்பு எடை மிகக் குறைந்திருந்ததும் வேறு இடங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்ததும் பெரிதாகப் பேசப்பட்டன. இளவயதுத் திருமணமும் தாயின் ரத்தசோகையும் இந்தப் பகுதியில் அந்தக் கதையின் முதல் அத்தியாயம்.

பிறந்த நொடியில் தொப்புள்கொடியை உடனே நறுக்காமல் ஒரு நிமிடம் பொறுத்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் குழந்தையின் சொந்த ரத்தம் குழந்தைக்கே வந்துசேரும். மொத்தமே 60 மில்லி உள்ள உடம்புக்கு இதைவிடப் பாதுகாப்பான ரத்தம் ஏற்றுதல் கிடையாது. நேரமில்லை என்று கொடியைக் கையால் உருவிவிடுவது 28 வாரத்துக்குக் கீழே ஆபத்து. 2019-இல் வெளியான ஆய்வில், உருவிய குழந்தைகளுக்குக் கடுமையான மூளைக் கசிவு கூடியதால் அந்த வயதுப் பிரிவில் ஆய்வையே நிறுத்தினார்கள். மெதுவாக வந்தால் வரம், பாய்ந்து வந்தால் உடைப்பு.

அடுத்தது சூடு. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிரசவ அறைக் கதவைத் திறந்து வைத்தாலே போதும், குழந்தை சில்லிட்டுவிடும். 32 வாரத்துக்குக் கீழ் என்றால் துடைக்காமலேயே கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, வார்மருக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள். சில்லிட்ட உடம்பில் குழாய்கள் இறுகி எண் நன்றாகத் தெரியும். பிறகு சூடேற்றும்போது அவை தளர்ந்து அழுத்தம் சரியும். பயணம் முடிந்து வந்து சேர்ந்த குழந்தைக்கு முதல் மணியில் நல்ல பிரஷரும் மூன்றாம் மணியில் கெட்ட பிரஷரும் இருப்பதன் பின்னணியில் பல நேரம் இதுதான் இருக்கிறது.

பிழைத்து வீடு திரும்பும் குழந்தைகளுக்குப் பிரஷர் கதை தலைகீழாகத் தொடர்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் உருவாவது ஏறக்குறைய 36 வாரம் வரை நடக்கும் வேலை. 26 வாரத்தில் வெளியே வந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை குறைவாகவே அமைகிறது. தொப்புள் தமனியில் குழாய் இருந்தபோது உண்டான ரத்தக்கட்டி சிறுநீரகத் தமனியில் சிக்கியிருந்தாலும், நுரையீரல் பாதிப்பு நீடித்தாலும், ஸ்டீராய்டு ஓடியிருந்தாலும் சில மாதங்களிலேயே ரத்த அழுத்தம் கூடலாம். வளர்ந்த பிறகும் இவர்களின் மேல் எண் நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் காணப்பட்டது. சாதாரணமாக மூன்று வயதுக்குப் பிறகே குழந்தைகளுக்குப் பிரஷர் பார்ப்பார்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு முறை காட்டும்போதும் பார்க்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனை, செவிப் பரிசோதனை, வளர்ச்சி மைல்கற்கள் ஆகியவற்றுக்கு வரும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது பிறந்த வாரம், பிறப்பு எடை, தலை ஸ்கேன் முடிவு, தொப்புள் தமனிக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு மருத்துவர் அந்தப் பிள்ளையின் கையில் பட்டையைச் சுற்றும்போது அந்தச் சீட்டு அவருக்குத் தேவைப்படும்.